மூத்தோர் சாஃப்ட்பால் லீக்குக்கு என்ன விதிகள் வேண்டும்?

கேள்வி: காட்பாடி காந்தி நகரிலும் சுற்றுப்புறத்திலும் வசிக்கும் ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிறுதோறும் காலையில், பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆடி வருகிறோம். எங்கள் வயது 55 முதல் 72 வரை. பலர் இளமையில் கல்லூரி அணிகளில் ஆடியவர்கள். இருவர் உடற்கல்வி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். இவ்வாண்டு நான்கு அணிகளாகப் பிரிந்து ஒரு லீக் நடத்த எண்ணியிருந்தோம். சென்ற மாதம், ரன் எடுக்க ஓடிவந்து மிதிக்க வேண்டிய ஹோம் பிளேட்டில், ஓடிவந்த ரன்னரும் அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சரும் மோதிக்கொண்டதில் 66 வயதுடைய கேட்சருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. பந்து அவருடைய கையுறைக்கு வந்து சேருமுன்பே மோதல் நிகழ்ந்தது. அந்த ரன் செல்லுமா என்று தொடங்கிய பேச்சு வளர்ந்து, விதிகளை மாற்றினால் அது சாஃப்ட்பாலே அன்று என ஒரு சாராரும், மாற்றாவிட்டால் ஆட வரமாட்டோம் என மற்றொரு சாராரும் பிரிந்து நிற்கிறார்கள். எங்களில் ஒருவர் நன்றாக அடிக்கிறார்; முழங்கால் தேய்மானத்தால் ஓட முடியவில்லை. அவரைச் சேர்ப்பது முறையா? ஓய்வு பெற்ற ஆசிரியைகள் மூவர் ஆட வர விரும்புகிறார்கள். ஆள் குறையும் நாளில் எங்கள் பிள்ளைகளில் யாரேனும் ஒருவரை இறக்கிக்கொள்ளலாமா? எங்களுக்குப் பொருத்தமான விதிகளைக் கூறுமாறு வேண்டுகிறேன்.

பதிலளிப்பவர்: கல்லூரி உடற்கல்வி இயக்குநராகவும் சாஃப்ட்பால் நடுவராகவும் பணியாற்றியவர்.

அன்புள்ள ஐயா, வணக்கம்.

அடிபட்ட நண்பர் விரைவில் நலம் பெற வேண்டும். மனத்தாங்கல் தீராமல் புதிய விதிகளைப் பற்றிப் பேசினால் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள் என்பதால், அன்றைய ரன்னைப் பற்றிய தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நிற்கும் கேட்சர் மீது, நிமிர்ந்த நிலையில் ஓடிவந்து ரன்னர் மோதினால், பந்து நழுவினாலும் அவர் அவுட். பந்து கைக்கு வராத நிலையில் பாதையை அடைத்து நிற்பவர் கேட்சரானால் அது வழிமறிப்பு. ரன்னருக்கு ரன் கொடுக்கப்பட வேண்டும். பழைய விதிப்புத்தகங்கள் சிலவற்றில், பந்தைப் பிடிக்கும் தறுவாயில் இருப்பவருக்கும் பாதையில் நிற்கும் உரிமை இருந்தது. பின்னர் அந்தச் சலுகை நீக்கப்பட்டு, பந்து கையில் இருந்தால் மட்டுமே உரிமை என்றாகிவிட்டது. உங்கள் குழுவினர் வெவ்வேறு காலத்தில் விளையாட்டைக் கற்றவர்களாதலால், இரு சாராரும் தத்தமக்குக் கற்பிக்கப்பட்டதை நேர்மையாகவே சொல்லியிருக்கக்கூடும். நீங்கள் விவரித்தபடி பார்த்தால், இன்றைய விதிப்படி அந்த ரன் செல்லும். எனினும், செல்லுகிற ரன்னுக்காக ஒருவரின் எலும்பு முறிய இடம் கொடுத்த விதி, உங்கள் மைதானத்துக்குப் பொருந்தாத விதி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

விதியை மாற்றினால் சாஃப்ட்பால் ஆகாது என்று கூறும் நண்பர்களிடம், இந்த ஆட்டம் பிறந்த விதத்தை எடுத்துச் சொல்லுங்கள். 1887ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் ஒரு படகுக் கழகத்தின் உள்ளரங்கில், பேஸ்பாலை நான்கு சுவருக்குள் ஆடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிய பந்தையும் ஒரு கம்பையும் வைத்துக்கொண்டு ஜார்ஜ் ஹான்காக் என்பவர் தொடங்கிவைத்ததே பின்னாளில் சாஃப்ட்பால் ஆயிற்று. இடம் சிறிதாக இருந்ததால் விதிகள் வளைந்தன. வளைந்த விதிகளே ஒரு புதிய ஆட்டமாக நிலைபெற்றன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், 75 வயது நிரம்பியவர்களுக்கென்றே 1930ஆம் ஆண்டு ஒரு சாஃப்ட்பால் கழகம் தொடங்கப்பட்டது. அதன் பின் 50 வயதைக் கடந்தவர்களுக்கான கழகங்கள் அந்நாடெங்கும் பெருகி, தமக்கென விதிகளை வகுத்துக்கொண்டு, வயதுவாரியாகப் போட்டிகளும் நடத்துகின்றன. நான் கீழே கூறுபவற்றில் பெரும்பாலானவை அந்தக் கழகங்களில் நெடுங்காலம் ஆடிப் பார்த்து நிலைத்தவை. நம் ஊரின் வெயிலுக்கும் தரைக்கும் ஏற்ப நான் சேர்த்தவை சில.

நம் பள்ளி கல்லூரிகளில் ஆடப்படுவது ஃபாஸ்ட் பிட்ச் எனப்படும் வேகப்பந்து வகை. உங்களுக்கு உரியது, பந்தை மெதுவாக மேலே வளைத்து வீசும் ஸ்லோ பிட்ச். இந்த ஒரு மாற்றத்தை ஏற்றுக்கொண்டால் பாதிச் சிக்கல் தானாகவே தீரும். எஞ்சிய பாதி, ஓடுகிறவரும் பந்தைப் பிடிக்கிறவரும் ஒரே இடத்தில் ஒரே நொடியில் சந்திக்கும்படி ஆட்டம் அமைந்திருப்பதில் உள்ளது. மூத்தோருக்கான விதிகளின் முதல் வேலை அந்தச் சந்திப்பை ஒழிப்பதே. பந்தை அடிப்பது, பிடிப்பது, எறிவது, எந்த பேஸுக்கு (ரன்னர் ஹோமுக்குத் திரும்புமுன் வரிசையாகத் தொட வேண்டிய மூன்று இடங்களில் ஒன்று) எறியலாம் என்று நொடியில் முடிவெடுப்பது ஆகிய இன்பங்களில் ஒன்றைக்கூடக் குறைக்காமல் இதைச் செய்ய முடியும்.

ஹோம் பிளேட்டிலிருந்து தொடங்குவோம். மூன்றாம் பேஸிலிருந்து ஹோமுக்கு வரும் பாதையில், ஹோமுக்கு 20 அடி முன்பாகக் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். இதைக் கமிட்மென்ட் லைன் என்பார்கள். அந்தக் கோட்டை ரன்னரின் கால் கடந்துவிட்டால் அவர் மூன்றாம் பேஸுக்குத் திரும்ப முடியாது, திரும்பினால் அவுட். அடுத்து, ரன்னருக்கென்று இரண்டாவதாக ஒரு ஹோம் பிளேட் வேண்டும். முதல் பேஸ் கோட்டை ஹோமுக்குப் பின்புறமும் நீட்டினால் அது மூன்றாம் பேஸ் பக்கத்து ஃபவுல் பகுதிக்குள் (ஆட்டக் கோடுகளுக்கு வெளியே உள்ள இடம்) செல்லும். அந்த நீட்சியில் ஹோமிலிருந்து 8 அடி தள்ளி அதைப் பதியுங்கள். கேட்சருக்குப் பழைய பிளேட், ரன்னருக்குப் புதிய பிளேட். ரன்னர் கோட்டைக் கடந்த பிறகு, அவர் தம்முடைய பிளேட்டை மிதிப்பதற்குள் கேட்சர் பந்தைப் பிடித்தபடி பழைய பிளேட்டை மிதித்துவிட்டால் ரன்னர் அவுட்; இல்லையெனில் ரன். கோட்டுக்கு அப்பால் வந்துவிட்டவரைப் பந்தால் தொட்டு அவுட்டாக்கும் முறை அறவே கிடையாது. கேட்சருடைய பிளேட்டை ரன்னர் மிதித்தால் அவரே அவுட்டாகிறார். ஆகையால் அந்தப் பக்கம் போகவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு எழாது. இதனால் கேட்சர் தம் வேலையில் மட்டும் கண் வைக்கலாம். முதுகுக்குப் பின்னால் யார் எவ்வளவு வேகமாக வருகிறார் என்று அஞ்ச வேண்டியதில்லை. நெருக்கமான தருணங்களில் நடுவருக்கும் இது எளிது. எந்தக் கால் எந்தப் பிளேட்டை முந்தி மிதித்தது என்பதை மட்டுமே அவர் பார்த்தால் போதும்.

இந்த ஏற்பாட்டில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. வலக்கை ஆட்டக்காரர் நின்று அடிப்பதும் மூன்றாம் பேஸ் பக்கத்தில்தான். அவர் அடித்துவிட்டுப் போட்டுச் சென்ற பேட், ரன்னர் ஓடிவரும் வழியில் கிடக்கும். அடுத்து அடிக்கக் காத்திருப்பவர் அதை உடனே எடுத்து அகற்ற வேண்டும் என்பதையும் விதியாகவே எழுதி வையுங்கள்.

முதல் பேஸில் மோதலைத் தவிர்க்கும் வழியைச் சர்வதேசப் போட்டிகளே காட்டியிருக்கின்றன. அங்கே இரட்டை பேஸ் வைக்கப்படுகிறது: ஆட்டப் பகுதிக்குள் வெள்ளை, ஃபவுல் பகுதியில் ஆரஞ்சு. பந்து முதல் பேஸுக்கு எறியப்படும்போது ஃபீல்டர் வெள்ளையை மிதிக்க வேண்டும், அடித்துவிட்டு ஓடிவருபவர் ஆரஞ்சை மிதிக்க வேண்டும். கடையில் வாங்க முடியாவிட்டால் தடித்த ரப்பர் விரிப்பை வெட்டி வண்ணம் தீட்டிக்கொள்ளலாம். விளிம்பு தூக்கிக்கொண்டு காலைத் தட்டாமல் இருந்தால் போதும்.

இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் என் ஆலோசனை, நேராக ஓடிக் கடந்துசெல்ல அனுமதிக்க வேண்டும் என்பதே. வழக்கமான விதிப்படி ரன்னர் பேஸ் மேலேயே நிற்க வேண்டியிருப்பதால்தான் சறுக்கி விழ நேர்கிறது, அல்லது ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்த முயன்று முழங்கால் திருகிக்கொள்கிறது. பேஸைத் தொட்டுவிட்டு நேராகச் சில அடி ஓடி நிற்பவரைப் பந்தால் தொட்டு அவுட்டாக்கக் கூடாது என்று வைத்துவிட்டால் இரண்டும் ஒழியும். ஆனால் அவர் அடுத்த பேஸை நோக்கி உடலைத் திருப்பினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒரே அடியில் இருவரை அவுட்டாக்கும் டபுள் பிளேயின்போது இரண்டாம் பேஸுக்கு ஓடிவருபவர், தாம் அவுட் என்று தெரிந்தவுடன் வெளிப்பக்கமாக விலகி, முதல் பேஸுக்கு எறியும் ஃபீல்டருக்கு வழிவிட வேண்டும். விலகாமல் எறிதலைத் தடுத்தால் மற்ற ரன்னரும் அவுட். சறுக்குதலை எல்லா பேஸிலும் தடைசெய்யுங்கள். அமெரிக்கக் கழகங்களில் சில இதை இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் அனுமதிக்கின்றன. அங்கே பல மைதானங்களில் பேஸைச் சுற்றி மிருதுவான மண் இருக்கிறது. நம் பக்கத்துப் பள்ளி மைதானங்கள் பலவும் சரளை கலந்த செம்மண். சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு முழங்காலில் அந்தச் சரளை ஏற்படுத்தும் சிராய்ப்பு எத்தனை வாரம் ஆறாமல் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். பேஸைத் திருடுதல் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுதல்), பந்து வருமுன் பேஸை விட்டு நகர்ந்து நிற்றல் ஆகியவையும் வேண்டாம். பேட்டில் பந்து பட்ட பிறகே ரன்னர் பேஸை விட்டுக் கிளம்பலாம்.

பேஸ்களுக்கு இடையிலான தூரத்தைக் குறைக்கலாமா என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் யோசனைதான் அது. ஆனால் தூரம் குறைந்தால் ஃபீல்டருக்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. மூத்த ஃபீல்டர் குனிந்து பந்தை எடுத்து நிமிர்வதற்குள் எல்லோரும் சேஃப் ஆகிவிடுவார்கள். பிறகு அவசரமாக எறிவார், தோள் பிடித்துக்கொள்ளும். உங்கள் மைதானத்தில் ஏற்கெனவே இருக்கும் 60 அடி அப்படியே இருக்கட்டும். அவுட்ஃபீல்டில் (பேஸ்களுக்கு அப்பாலுள்ள வெளிப்பகுதி) விழுந்த நல்ல அடிக்கு, அங்கிருந்தே முதல் பேஸுக்கு எறிந்து அடித்தவரை அவுட்டாக்கக் கூடாது என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடுபவர்கள் அடித்த நல்ல அடிக்கு உரிய பலன் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இனி, முழங்கால் தேய்ந்த நண்பரைப் பற்றி. அவரைச் சேர்ப்பது முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவரைச் சேர்க்காத லீக்கை மூத்தோர் லீக் என்று அழைக்க எனக்கு மனம் வராது. இன்று அவருக்கு நேர்ந்திருப்பது இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பாதிப் பேருக்கு நேரலாம். மூத்தோர் கழகங்களில் இதற்காகவே மாற்று ரன்னர் முறை இருக்கிறது. அடித்தவர் முதல் பேஸைச் சேர்ந்தபின் நடுவரிடம் சொல்லிவிட்டு, தம் அணியில் ஒருவரைத் தமக்குப் பதிலாக ஓட விடலாம். அவர் மறுமுறை வந்து அடிக்கவும், ஃபீல்டிங் செய்யவும் எந்தத் தடையும் இல்லை. இந்தச் சலுகை நேர்மையாக நடக்க மூன்று கட்டுப்பாடுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு இன்னிங்ஸில் ஒருமுறை மட்டுமே மாற்று ரன்னராக ஓடலாம். அப்படியில்லையென்றால் அணியின் வேகமான ஒருவரே எல்லோருக்காகவும் ஓடிக்கொண்டிருப்பார். அடுத்த பந்து வீசப்படுமுன் மாற்றம் அறிவிக்கப்பட வேண்டும். மாற்று ரன்னர் பேஸில் இருக்கும்போதே அவர் அடிக்கும் முறை வந்துவிட்டால், பேஸில் உள்ளவர் அவுட். எனவே யாரை ஓடவிடுவது என்று தலைவர் முன்கூட்டியே யோசித்துச் செயல்படுவார்.

முதல் பேஸ்வரைகூட நடந்து சேர முடியாதவருக்கு, ஹோமிலிருந்தே வேறொருவர் ஓடலாம். அவர் அடிப்பவருக்குப் பின்னால் ஆறடி தள்ளி, ஃபவுல் பகுதியில் நிற்க வேண்டும். பேட்டில் பந்து பட்ட பிறகே காலெடுத்து வைக்க வேண்டும். இதில் விதிப்புத்தகத்தில் எழுத முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மாற்று ரன்னரைக் கேட்பது அடித்தவரின் விருப்பமாக இருக்க வேண்டும். ஓட முடியும் என்று நம்பி நிற்பவரை, “நீங்கள் உட்காருங்கள், தம்பி ஓடட்டும்” என்று தலைவர் அழைத்து இறக்குவது அவருக்கு எலும்பு முறிவைவிட அதிகமாக வலிக்கும். அதேபோல், கேட்டுக்கொண்டவரிடம் காரணம் விசாரிப்பதும் மருத்துவச் சீட்டு கேட்பதும் கூடாது.

பந்துவீச்சுக்கு வருவோம். ஸ்லோ பிட்ச்சில் பந்து கைக்குக் கீழிருந்து வீசப்பட்டு, தரையிலிருந்து 6 அடிக்குக் குறையாமலும் 12 அடிக்கு மேற்படாமலும் எழுந்து வளைந்து இறங்க வேண்டும். வீசும் தூரம் 50 அடி, அதாவது 15.24 மீட்டர். ஹோம் பிளேட்டை ஒட்டிப் பின்புறம், பிளேட்டோடு சேர்த்து மூன்றடி நீளத்துக்கு ஒரு ரப்பர் விரிப்பைப் போடுங்கள். உரிய உயரம் எழுந்து வந்து பிளேட்டிலோ விரிப்பிலோ விழும் பந்து ஸ்ட்ரைக் (மூன்றானால் அடிப்பவர் அவுட்); வெளியே விழுந்தால் பால் (நான்கானால் அவர் முதல் பேஸுக்குப் போவார்). மார்புக்கும் முழங்காலுக்கும் நடுவே வந்ததா என்ற வாதத்துக்கு இடமில்லை. கேட்சரும் குந்தி உட்கார வேண்டியதில்லை; விரிப்புக்குப் பின்னால் நின்றபடியே பந்தை எடுக்கலாம். முழங்கால்கள் இதற்கு நன்றி சொல்லும். முகக்கவசம் மட்டும் அவருக்கு இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் அடிக்க வரும்போதே ஒரு பால், ஒரு ஸ்ட்ரைக் என்ற கணக்கோடு தொடங்கினால் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகாது. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு ஒரு ஃபவுலைப் பொறுத்துக்கொள்ளலாம், அடுத்த ஃபவுலுக்கு அவுட். பன்ட் எனப்படும் தட்டிவிடும் அடி கிடையாது. அப்படி ஆடினால் அவுட்.

ஹோம் பிளேட்டுக்கு அடுத்தபடியாக எனக்குக் கவலை தரும் இடம் பந்து வீசுபவர் நிற்கும் இடம். அடிக்கப்பட்ட பந்து மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் நேராகத் திரும்பி வந்தால், 15 மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு அரை நொடிகூட வேண்டாம். 65 வயதில் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை எழுவதற்கு அந்த நேரம் போதாது. ஆகவே வீசுபவருக்கு முகக்கவசம் கட்டாயம். இதில் விருப்பத்துக்கு இடமளிக்காதீர்கள். வீசிய கையோடு இரண்டு மூன்று அடி பின்வாங்கும் பழக்கத்தை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். இரும்புச் சட்டத்தில் வலை கட்டிய ஒரு தடுப்பை முன்னால் வைத்து, வீசியபின் அதன் மறைவுக்குப் போகும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. தடுப்பில் பட்ட பந்தைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி வீசலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பட்டறையில் சொல்லி இதைச் செய்துகொள்வது எளிது. பேட்டைப் பொறுத்தவரை, பந்தை வில்போல உந்தித்தள்ளும் விலையுயர்ந்த காம்போசிட் பேட்களை முற்றாக விலக்கி, ஒற்றைச் சுவர் (ஓரடுக்கு) அலுமினியம் அல்லது மரம் என்று வரம்பிடுங்கள். நீளம் 34 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது என்பது பொதுவான விதி. பேட்களையும் பந்துகளையும் லீக்கே வாங்கி எல்லோரும் பொதுவில் பயன்படுத்தினால் இந்தச் சோதனைகளே தேவைப்படாது. பந்து 12 அங்குலச் சுற்றளவுடையது. அதிலும் அழுத்தம் குறைந்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அணியில் ஃபீல்டர்கள் பத்துப் பேர். பதினோராம் ஆளை அவுட்ஃபீல்டில் நிறுத்தினாலும் தவறில்லை. வந்திருக்கும் எல்லோரும் அடிக்கும் வரிசையில் இருக்க வேண்டும். ஃபீல்டிங்கில் யார் எப்போது வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். ஓர் இன்னிங்ஸில் ஐந்து ரன் எடுத்தவுடன் அடுத்த அணிக்கு முறை போய்விட வேண்டும், கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. தோற்கும் அணி வெயிலில் அரை மணி நேரம் நின்றுகொண்டே இருப்பதை இது தடுக்கும். நான்கு அணிகளையும் நண்பர் கூட்டங்களாகப் பிரியவிடாமல், திறமையையும் வயதையும் கலந்து நீங்களே பிரித்துக் கொடுங்கள்.

ஆசிரியைகள் மூவரும் தாராளமாக வரட்டும். ஓட்டம், மாற்று ரன்னர், விரிப்பு, முகக்கவசம் என மேலே சொன்ன யாவும் அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். பெண்கள் ஆடும் ஸ்லோ பிட்ச்சில் 11 அங்குலப் பந்து வழக்கமாதலால், அவர்கள் விரும்பினால் அவர்கள் அடிக்கும்போது அந்தப் பந்தைப் பயன்படுத்தலாம். அவர்கள் அடிக்க வரும்போது அவுட்ஃபீல்டர்கள் வேண்டுமென்றே முன்னால் வந்து நெருங்கி நிற்கும் பழக்கம் கலப்பு ஆட்டங்களில் உண்டு. அவுட்ஃபீல்டில் ஒரு கோடு போட்டு, பேட்டில் பந்து படும்வரை எவரும் அதைத் தாண்டி வரக்கூடாது என்று வைத்தால் அது நின்றுவிடும். இந்தக் கோட்டை அடிப்பவர் எவராயினும் கடைப்பிடியுங்கள். மெலிந்த உடம்புடைய ஆண்களுக்கும் இதனால் நன்மையே.

ஆள் குறையும் நாளில் பிள்ளைகளை இறக்குவதற்கு நான் உடன்படவில்லை. 30 வயது இளைஞர் மனத்தளவில் எவ்வளவு பொறுமையானவராக இருந்தாலும், அவர் அடிக்கும் பந்தின் வேகம் 30 வயதுக்கு உரியதுதான். அதை எதிர்கொள்ள வேண்டியவர் 68 வயதுப் பந்துவீச்சாளர். எட்டுப் பேர் இருந்தால் ஆட்டம் நடக்கட்டும். அடிக்கும் அணி தன் ஆட்களில் ஒருவரைக் கேட்சராகக் கொடுத்து உதவட்டும். ஹோமில் அவுட் எடுக்க வேண்டிய நேரத்தில் பந்துவீச்சாளர் ஓடிவந்து பிளேட்டை மிதிக்கலாம். பிள்ளைகளுக்கு வேறொரு வேலை இருக்கிறது: அவர்களை நடுவர்களாகவும் ஸ்கோர் எழுதுபவர்களாகவும் பழக்குங்கள். எந்த அணியிலும் ஆடாத ஒருவர் நடுவராக நிற்பது உங்கள் லீக்கின் நல்லிணக்கத்துக்கு மிக முக்கியம். குறைந்தபட்ச வயது 55 என்றால், அந்தக் காலண்டர் ஆண்டுக்குள் 55 நிறைபவர் அவ்வாண்டுத் தொடக்கத்திலிருந்தே ஆடலாம் என்று எழுதிவிடுங்கள். பிறந்த தேதி பற்றிய வழக்கு வராது.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊருக்கு விதி எழுத முடியாது. சுற்றிலும் பாறைக் குன்றுகள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதன்று. மார்ச் முதல் ஜூன் வரை காலை 6 மணிக்குத் தொடங்கி 7.45க்குள் முடித்துவிடுங்கள், ஏழு இன்னிங்ஸுக்குப் பதில் ஐந்து போதும். அக்கினி நட்சத்திர நாட்களில் லீக் ஆட்டங்களை அட்டவணையிலேயே வைக்காதீர்கள். மார்கழி, தை மாதங்களில் இதற்கு நேர்மாறான சிக்கல்: ஆறு மணிக்குப் பந்து கண்ணுக்குத் தெரியாது, ஏழு மணிக்குத் தொடங்குங்கள். மைதானத்தில் இடம் இருந்தால், ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு வடக்கு தெற்காக அமையட்டும். காலைச் சூரியன் அடிப்பவரின் கண்ணிலும் படாது, வீசுபவரின் கண்ணிலும் படாது.

இந்த வயதில் தசை கிழிவது பெரும்பாலும் ஃபீல்டிங்கில் அன்று. வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்து, அடித்த மறுகணமே முதல் பேஸை நோக்கி முழு வேகத்தில் ஓடும்போதுதான் தொடையின் பின்தசையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்கின்றன. ஆகையால் அடுத்து அடிக்க இருக்கும் இருவர் உட்காராமல் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். இரும்பு ஆணி பதித்த காலணி வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஆட்டம் முடிந்ததும் காலணியைக் கழற்றிப் பாதங்களைப் பார்க்க வேண்டும். உணர்விழந்த பாதங்களைக் காக்கும் மருத்துவத்தில் பெயர்பெற்ற கரிகிரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தகுந்த காலணிக்கு அங்கே ஆலோசனை கேளுங்கள். இதய நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உட்கொள்பவர்கள், வெயிலில் ஓடும் ஆட்டம் என்று விளக்கிச் சொல்லி மருத்துவரின் சம்மதம் பெற வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் எவர் எவர் என்று நடுவருக்குத் தெரிந்திருக்கட்டும். அவர்களில் ஒருவருக்குத் தலையில் பந்து பட்டால், ஒன்றுமில்லை என்று அவரே சொன்னாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நெஞ்சு வலி, தாடையில் வலி, காரணமில்லாத வியர்வை ஆகியவை தோன்றினால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியை அணிக்கு இருவராவது பயிற்சி எடுத்துக் கற்றிருக்க வேண்டும். விபத்துக் காப்பீடு ஒவ்வொருவரும் தனித்தனியே எடுத்துக்கொள்வது நல்லது.

தீர்ப்பில் ஐயம் எழுந்தால் அணித் தலைவர் ஒருவர் மட்டுமே நடுவரிடம் பேசலாம். பேசி முடிந்ததும் நடுவர் சொன்னதே முடிவு. ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றக் கூடாது. மாற்றம் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்து, பருவம் முடிந்தபின் எல்லோரும் கூடி முடிவெடுங்கள். வேண்டுமென்றே ஒருவர் மீது மோதியவருக்கு அன்றைய ஆட்டமும் அடுத்த ஆட்டமும் இல்லை. இதில் வயது, பதவி, பழைய பெருமை எதையும் பார்க்க வேண்டாம்.

இவ்வளவையும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, ஒவ்வொருவரிடமும் ஒரு படி கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் உடனே லீக்கைத் தொடங்கிவிடாதீர்கள். ஐம்பது ஆண்டுகளாக ஹோமை நோக்கி நேராக ஓடிப் பழகிய கால்கள், எட்டடி தள்ளியிருக்கும் புதிய பிளேட்டுக்குத் தாமாகத் திரும்பிவிடா. முதல் இரண்டு ஞாயிறுகளில் கோடுகளைப் போட்டு, ஸ்கோர் எழுதாமல், ஒவ்வொருவரும் மூன்றாம் பேஸிலிருந்து கோட்டைக் கடந்து தம்முடைய பிளேட்டை மிதிக்கும் வரை முதலில் நடந்தும், பிறகு மெதுவாக ஓடியும் பழகட்டும். கேட்சர்களும் பந்தை எதிர்பார்த்துப் பழைய பிளேட்டின் மேல் காலை வைத்து நிற்பதைப் பழகிக்கொள்ளட்டும். மூன்றாம் ஞாயிறன்று முதல் ஆட்டத்தை வைத்துக்கொள்ளலாம்.